மாநிலச் சட்டம் அனுமதித்த கஞ்சா, கூட்டாட்சிச் சட்டத்தில் குற்றம்: மேல்முறையீட்டில் எதை வாதிட முடியும்?

குறிஞ்சிநிலவன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கலிபோர்னியாவில் பதினாறு ஆண்டுகளாக வசித்து வருகிறேன். குடியுரிமை பெற்ற பின், சென்ற மாதம்தான் முதன்முறையாகக் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்திலிருந்து ஜூரி பணிக்கு அழைப்பு வந்தது. நூறு செடிகளுக்கு மேல் கஞ்சா பயிரிட்டதாக ஒருவர் மீது குற்றச்சாட்டு. ஜூரியைத் தேர்ந்தெடுக்கும்போது நீதிபதி எங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: மாநிலச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை முற்றிலும் ஒதுக்கி வைத்துவிட்டு, கூட்டாட்சிச் சட்டத்தை மட்டும் கொண்டு முடிவு சொல்ல இயலுமா? மற்றவர்கள் தயங்காமல் இயலும் என்றார்கள். நான் ஒரு கணம் யோசித்துவிட்டு, "முயன்று பார்க்கிறேன்" என்றேன். அடுத்த பத்து நிமிடத்தில் என்னை அனுப்பிவிட்டார்கள். வீடு திரும்பும் வழியில் நெடுஞ்சாலையில் இறங்குமிடத்தில் ஒரு கஞ்சாக் கடையின் விளம்பரப் பலகை, முதன்முறை வருவோருக்குத் தள்ளுபடி என்று பெரிய எழுத்தில் நின்றுகொண்டிருந்தது.

இந்த மாநிலத்தில் 1996இல் மருத்துவப் பயன்பாட்டுக்கும், 2016இல் வயது வந்தோரின் பொதுப் பயன்பாட்டுக்கும் வாக்காளர்களே அனுமதி அளித்திருக்கிறார்கள். அப்படியிருக்க, மாநிலச் சட்டத்தைப் பற்றி ஜூரியின் காதில் விழவே கூடாது என்றால், தண்டிக்கப்பட்ட பிறகு மேல்முறையீட்டில் அந்த மனிதர் எதைச் சொல்லி வாதிடுவார்? இரு சட்டங்களும் மோதும்போது மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இதுவரை என்ன முடிவுக்கு வந்துள்ளன என்பதைச் சட்டம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

ஆவுடையப்பன்

குறிஞ்சிநிலவன் அவர்களுக்கு வணக்கம். குற்றவியல் மேல்முறையீடுகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களை அனுப்பியதில் அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு எந்தத் தயக்கமும் இருந்திருக்காது.

முதலில் ஒரு பொதுவான எண்ணத்தைத் திருத்திக்கொள்வது நல்லது. கூட்டாட்சிச் சட்டம் மேலானது, ஆகவே அது மாநிலக் கஞ்சாச் சட்டத்தைச் செல்லாததாக்கிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1970ஆம் ஆண்டின் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டத்திலேயே, இரண்டும் ஒருசேர நிற்க முடியாத அளவுக்கு நேரடி முரண் இருந்தாலொழிய மாநிலச் சட்டத்தை இது அகற்றாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. மாநிலம் எவரையும் கஞ்சா பயிரிடுமாறு கட்டளையிடவில்லை. பயிரிடுபவரைத் தான் தண்டிப்பதில்லை என்று மட்டுமே சொல்கிறது. தண்டிக்குமாறு மாநிலத்தை வற்புறுத்தும் அதிகாரமும் கூட்டாட்சி அரசுக்கு இல்லை. ஆகவே இரண்டு சட்டங்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நடுவில் நிற்கும் மனிதருக்குத்தான் இடிபாடு.

மாநில அனுமதியைத் தற்காப்பாக முன்வைக்கும் கதவு இரண்டு தீர்ப்புகளில் அடைபட்டது. 2001இல், ஓக்லண்டில் நோயாளிகளுக்குக் கஞ்சா வழங்கிய ஒரு கூட்டுறவு அமைப்பின் வழக்கில், மருத்துவத் தேவை என்ற தற்காப்புக்கு இச்சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளின் ஒருமித்த முடிவாகச் சொன்னது. (ஒன்பதாமவரான நீதிபதி பிரையர் விலகிக்கொண்டார், கீழ் நீதிமன்றத்தில் அந்த வழக்கை விசாரித்தவர் அவருடைய தம்பி.) அடுத்தது 2005இல் வந்த கோன்சாலஸ் எதிர் ராய்ச். அதன் பின்னணியை மாணவர்களுக்கு நான் எப்போதும் விவரமாகச் சொல்வேன். 2002 ஆகஸ்டில் டயான் மான்சன் என்பவரின் வீட்டுக்கு மாவட்ட ஷெரிஃபின் அலுவலர்களும் கூட்டாட்சிப் போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளும் சேர்ந்தே வந்தார்கள். வீட்டிலிருந்தவை ஆறு செடிகள். மாநிலச் சட்டப்படி இவை முழுக்க முழுக்க முறையானவை என்று ஷெரிஃப் தரப்பு சொல்லிவிட்டது. மூன்று மணி நேர இழுபறிக்குப் பிறகு கூட்டாட்சி அதிகாரிகள் ஆறு செடிகளையும் பறித்து அழித்தார்கள். மான்சனும் ராய்ச் என்ற இன்னொரு நோயாளியும் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தன் பண்ணையில் தன் சொந்தத் தேவைக்காக விளைத்த கோதுமையும் நாட்டுச் சந்தையைப் பாதிக்கும் என்று 1942இல் சொன்ன தீர்ப்பை அடியொற்றி, வீட்டில் வளர்த்து வீட்டிலேயே உட்கொள்ளும் கஞ்சாவையும் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தடை செய்யலாம் என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் முடிவானது. உங்கள் நீதிபதி கேட்ட கேள்வியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் மேல்முறையீட்டுக்கு மிஞ்சுவது என்ன? 2014 டிசம்பரில் எதிர்பாராத திசையிலிருந்து ஒரு கருவி கிடைத்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த ரோராபாக்கர் என்ற குடியரசுக் கட்சிக்காரரும் ஃபார் என்ற ஜனநாயகக் கட்சிக்காரரும் சேர்ந்து, நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒரு நிபந்தனையை நுழைத்தார்கள்: மாநிலங்கள் தங்கள் மருத்துவக் கஞ்சாச் சட்டங்களை நடைமுறைப்படுத்துவதைத் தடுக்க, கூட்டாட்சி நீதித் துறை இந்தப் பணத்தைச் செலவிடக் கூடாது. குற்றம் குற்றமாகவே இருந்தது. வழக்கு நடத்தும் செலவுக்கு மட்டும் பூட்டு விழுந்தது.

2016 ஆகஸ்டில், கலிபோர்னியா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், கலிபோர்னியா, வாஷிங்டன் மாநிலங்களிலிருந்து வந்த பத்து வழக்குகளை ஒன்றாக எடுத்துக்கொண்டு, மெக்கின்டாஷ் என்ற பெயரில் அறியப்படும் தீர்ப்பை அளித்தது. மாநில மருத்துவக் கஞ்சாச் சட்டத்தின் எல்லா நிபந்தனைகளையும் முழுமையாகப் பின்பற்றியவர் மீது வழக்கு நடத்த நீதித் துறை செலவிட முடியாது. தான் அவ்வாறு பின்பற்றியவரா என்பதை நிறுவ, குற்றம் சாட்டப்பட்டவருக்கு விசாரணைக்கு முன்பே தனியாக ஒரு சாட்சிய விசாரணை கோரும் உரிமை உண்டு. வழக்கமாகத் தண்டனைக்குப் பிறகே மேல்முறையீடு என்றிருக்க, இதில் விசாரணை தொடங்கும் முன்பே மேல்முறையீட்டுக்குப் போக முடிந்தது என்பது தொழில்முறையில் பெரிய விஷயம். ஆனால் அதே தீர்ப்பு எச்சரிக்கையும் செய்தது. காங்கிரஸ் நாளைக்கே அந்த நிபந்தனையை நீக்கலாம். நீக்கினால், காலவரம்புக்குள் இருக்கும் பழைய செயலுக்கும் வழக்குத் தொடரலாம். அந்த நிபந்தனை அதன்பின் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டு வந்திருப்பதால்தான் இந்தப் பாதுகாப்பு உயிரோடு இருக்கிறது. ஒரு மனிதனின் சுதந்திரம் வரவு செலவுச் சட்டத்தின் ஒரு வரியில் தொங்குவது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.

மூன்று வரம்புகளை மறந்துவிடக் கூடாது. நிபந்தனை மருத்துவக் கஞ்சாவுக்கு மட்டுமே உரியது, நீங்கள் பார்த்த விளம்பரப் பலகையின் கடைக்கு அல்ல. நிபந்தனை நடைமுறைக்கு வருவதற்கு முன் பெற்ற தண்டனையை அது இரத்து செய்யாது என்று கிளைன்மன் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. முழுமையாகப் பின்பற்றினேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது என்று 2019இல் எவன்ஸ் வழக்கில் தெளிவாக்கியது.

தாமிரபரணி

ஆவுடையப்பன் ஐயா விளக்கிய விதம் அருமை. ஆயினும் நேரடி முரண் என்பதே இல்லை என்பது போன்ற தொனியை என்னால் ஏற்க இயலவில்லை. மாநில நீதிமன்றங்களின் குற்றவியல் மேல்முறையீடுகளைப் பார்த்தால் முரண் கண்ணெதிரே நிற்கிறது. அதுவும் விடுதலையானவர்களின் வழக்கில்.

கொலராடோவில் கிரவுஸ் என்ற புற்றுநோயாளியிடமிருந்து காவல்துறை 55 செடிகளையும் ஏறத்தாழ 2.9 கிலோ கஞ்சாவையும் கைப்பற்றியது. மருத்துவப் பயன்பாடு என்ற தற்காப்பை ஏற்று ஜூரி அவரை விடுவித்தது. விடுதலையானவரிடம் கைப்பற்றிய மருத்துவக் கஞ்சாவைத் திருப்பித் தர வேண்டும் என்று அந்த மாநில அரசமைப்பே சொல்கிறது. இங்கே மாநிலம் வெறுமனே தண்டிக்காமல் விடவில்லை; காவலரைப் பார்த்து, எடுத்துக் கொடு என்று கட்டளையிடுகிறது. காவலர் கஞ்சாவை இன்னொருவர் கையில் கொடுத்தால் கூட்டாட்சிச் சட்டப்படி அது விநியோகம் ஆகாதா?

கூட்டாட்சிச் சட்டத்தில் இதற்கென ஒரு விலக்கு இருக்கிறது: போதைப்பொருள் சட்டத்தை முறைப்படி நிறைவேற்றும் பணியில் உள்ள அதிகாரிக்குப் பொறுப்பில்லை. அந்த "முறைப்படி" என்ற ஒரே சொல்லில்தான் வழக்கு முழுதும் சுழன்றது. 2017 ஜனவரியில் கொலராடோ உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்று பிளந்தது. கூட்டாட்சிச் சட்டத்தை மீறும் செயல் முறையான செயலாக இருக்க முடியாது, ஆகவே திருப்பித் தரும் கட்டளை செல்லாது என்றனர் நால்வர். நீதிமன்ற உத்தரவின்படி நடக்கும் காவலர் முறைப்படி நடக்கவில்லை என்றால் வேறு எவர்தான் முறைப்படி நடப்பவர் என்பது மூவரின் நிலை. இதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 2007இல், கலிபோர்னியாவின் கார்டன் குரோவ் நகரக் காவல்துறை, வண்டியில் போன ஒருவரிடம் பிடித்த சுமார் 8 கிராமைத் திருப்பித் தர மறுத்து மேல்முறையீடு செய்தபோது, மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே விலக்கைக் காட்டி, காவலருக்கு ஆபத்தில்லை, திருப்பிக் கொடுங்கள் என்று தீர்ப்பளித்தது. சட்டப் பிரிவு ஒன்றுதான், சொல்லும் ஒன்றுதான். ஒரு மாநிலத்தில் பொட்டலம் உரியவர் கைக்குத் திரும்புகிறது. இன்னொரு மாநிலத்தில் திரும்புவதில்லை. எனக்கு மூவரின் வாதமே சரியாகப் படுகிறது. விலக்கை அவ்வளவு குறுக்கிவிட்டால், கூட்டாட்சிச் சட்டத்தை ஏற்கெனவே மீறாத அதிகாரிக்கு மட்டுமே அது பயன்படும். அவருக்கு விலக்கே தேவையில்லையே.

ஆவுடையப்பன்

தாமிரபரணி அவர்கள் சொன்னது சரி. பொருளைத் திருப்பித் தரும் உத்தரவில் மட்டும் நேரடி மோதல் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் தொனி சற்று அகன்றுவிட்டது. ஆனால் நடைமுறையில் மேல்முறையீடுகள் பெருமளவில் குவிவது வேறோர் இடத்தில்: பழைய மாநிலத் தண்டனையைக் காரணம் காட்டிப் புதிய கூட்டாட்சித் தண்டனையை நீட்டும் இடத்தில்.

தண்டனை பெற்ற ஒருவர் துப்பாக்கியோடு பிடிபட்டால், அவருக்கு முன்னதாக மூன்று கடும் போதைப்பொருள் குற்றங்களோ வன்முறைக் குற்றங்களோ இருப்பின், குறைந்தபட்சம் 15 ஆண்டு சிறை என்று ஒரு கூட்டாட்சிச் சட்டம் கூறுகிறது. அந்த முன்குற்றங்கள் பெரும்பாலும் மாநில நீதிமன்றத்தில் பெற்றவை. மாநிலத்தின் போதைப்பொருள் பட்டியலும் கூட்டாட்சியின் பட்டியலும் ஒன்றாக இராதபோது என்ன செய்வது? நீதிமன்றம், அந்த மனிதர் உண்மையில் எதை விற்றார் என்று பார்ப்பதில்லை. மாநிலச் சட்டத்தின் சொற்கள் கூட்டாட்சிப் பட்டியலைவிட அகலமானவையா என்றே பார்க்கிறது. அகலமாக இருந்தால் அந்த முன்குற்றம் கணக்கில் வராது.

இதனால் தோன்றும் விசித்திரத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. பார்க்கின்சன் நோயைக் கண்டறியும் படப்பிடிப்பில் ஊசியாக ஏற்றும் ஐயோஃப்ளூபேன் என்ற மருந்து, கோக்கா இலையிலிருந்து வரும் வேதிப்பொருளைக் கொண்டு செய்யப்படுவதால் பட்டியலில் இருந்தது. 2015இல் கூட்டாட்சிப் பட்டியலிலிருந்து அதை எடுத்தார்கள். தெருமுனையில் எவரும் அதை விற்றதாகக் கேள்விப்பட்டதில்லை. இருந்தாலும், ஃப்ளோரிடாவில் பழைய கோக்கைன் தண்டனை பெற்றிருந்த ஒருவர், என் மாநிலச் சட்டம் அன்று இந்த மருந்தையும் உள்ளடக்கியிருந்தது, ஆகவே அது அகலமானது என்று வாதிட்டார். பென்சில்வேனியாவைச் சேர்ந்த இன்னொருவர் கஞ்சாவைக் கொண்டு அதே வாதத்தை வைத்தார். 2018இல் வேளாண் சட்டத்தின் மூலம் 0.3 விழுக்காட்டுக்கு மேல் போதைச் சத்து இல்லாத சணல் வகை கூட்டாட்சிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதை அவர் சுட்டினார். இரண்டையும் சேர்த்து 2024 மே மாதம் பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்றாக முடிவு செய்தது: மாநிலக் குற்றம் நடந்த நாளில் இருந்த கூட்டாட்சிப் பட்டியலோடுதான் ஒப்பிட வேண்டும், பின்னாளில் பட்டியல் சுருங்கியது உதவாது. நீதிபதி அலிட்டோ எழுதினார்; நீதிபதி ஜாக்சன் மாறுபட்டார். இருவரும் பதினைந்து ஆண்டுகளிலிருந்து தப்பவில்லை.

அதற்காக எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். தண்டனை வழிகாட்டு நெறிகளின்கீழ் ஒருவரைத் தொழில்முறைக் குற்றவாளி எனக் கணக்கிடும்போது, பொருள் கூட்டாட்சிப் பட்டியலில் இருக்க வேண்டுமா, மாநிலப் பட்டியலில் இருந்தால் போதுமா என்பதில் வட்டார நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பிரிந்து நிற்கின்றன. 2022இல் நீதிபதிகள் சோடோமேயரும் பேரட்டும் சேர்ந்து, இதைத் தண்டனை ஆணையம் சரிசெய்ய வேண்டும் என்று எழுதினார்கள். எதிரெதிர்ச் சிந்தனை கொண்ட அந்த இருவர் ஒரே பக்கம் கையெழுத்திடுவது தினமும் நடப்பதில்லை.

செல்வநாயகி

இங்கே படிப்பவர்களில் பலர் எச்1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பார்கள் என்பதால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். குடிவரவுச் சட்ட அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறேன். குடிவரவுச் சட்டம் கூட்டாட்சிச் சட்டம். அதன் கண்ணில் மாநில அனுமதி இல்லாததற்குச் சமம்.

ஆனால் அதே பட்டியல் வேறுபாடு இங்கே சில நேரம் நம் மக்களைக் காப்பாற்றுகிறது. துனிசியாவிலிருந்து மாணவராக வந்து கிரீன் கார்டு பெற்றுக் கணிதம் கற்பித்த மெலூலி என்பவரைக் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காகக் கன்சாஸில் பிடித்தார்கள். சிறையில் சோதித்தபோது காலுறைக்குள் நான்கு மாத்திரைகள் இருந்தன. அவர் ஒப்புக்கொண்ட குற்றம், போதைப்பொருளை மறைத்து வைக்கும் சாதனம் வைத்திருந்தது. சாதனம் என்பது அந்தக் காலுறைதான்! நாடு கடத்திவிட்டார்கள். கன்சாஸ் பட்டியலில் கூட்டாட்சிப் பட்டியலில் இல்லாத ஒன்பது பொருள்களாவது இருந்தன. அவருடைய தண்டனைப் பதிவோ எந்தப் பொருள் என்று சொல்லவில்லை. ஆகவே அந்தத் தண்டனையைக் காட்டி நாடு கடத்தியது தவறு என்று 2015இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டாகச் சொன்னது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு மான்க்ரிஃப் வழக்கிலும், ஜார்ஜியாவில் 1.3 கிராம் கஞ்சா வைத்திருந்ததை நாடு கடத்தலைத் தவிர்க்க வழியே இல்லாத பெருங்குற்றமாக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தத்தில் எந்தப் பொருளின் பெயர் எழுதப்படுகிறது என்பதற்குக் குடியுரிமை இல்லாத ஒருவரின் வழக்கறிஞர் இத்தனை பாடுபடுவது இதனால்தான்.

தண்டனையே இல்லாமலும் சிக்கல் வரும் என்பதைத் தயவுசெய்து நினைவில் கொள்ளுங்கள். மாநில உரிமம் பெற்ற கடையில் வேலை செய்ததையே நன்னடத்தைக் குறைவாக எடுத்துக்கொண்டு குடியுரிமையை மறுக்கலாம் என்று 2019 ஏப்ரலில் குடிவரவுத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. விமான நிலையத்தில் அதிகாரி கேட்கும்போது, "எங்கள் மாநிலத்தில் இது சட்டப்படி சரிதானே, போன வாரம்கூட எடுத்துக்கொண்டேன்" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டு வந்தவர்களின் கோப்புகளை நான் தட்டச்சு செய்திருக்கிறேன்.

குறிஞ்சிநிலவன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆவுடையப்பன் ஐயா, உங்கள் பதிலைப் படித்த பிறகு கூட்டாட்சி நீதிமன்ற ஆவணத் தளத்தில் அந்த வழக்கின் பதிவேட்டைத் தேடிப் பார்த்தேன். ஜூரி தேர்வுக்கு நான்கு மாதங்களுக்கு முன்பே மெக்கின்டாஷ் மனு தாக்கலாகியிருக்கிறது. இரண்டு நாள் சாட்சிய விசாரணைக்குப் பிறகு நிராகரித்திருக்கிறார்கள். அவர் நோயாளிகளின் கூட்டமைப்பு ஒன்றுக்காகப் பயிரிட்டவர். எல்லா ஆவணங்களும் இருந்தன, ஆனால் செடிகளின் எண்ணிக்கை உள்ளூர் அனுமதியைவிட அதிகம் என்று உத்தரவில் இருக்கிறது. ஜூரி குற்றவாளி என்றுதான் முடிவு சொல்லியிருக்கிறது. இனி மேல்முறையீட்டில் வாய்ப்பு உண்டா?

ஆவுடையப்பன்

மனுவைத் தாக்கல் செய்தது நல்ல காரியம். செய்யாமல் விட்டிருந்தால் மேல்முறையீட்டில் இந்த வாதத்தை எழுப்புவதே கடினமாகியிருக்கும். இனி இரண்டு கேள்விகள் எழும். செடிகளை எண்ணியது போன்ற உண்மை விவரங்களில் கீழ் நீதிமன்றம் வெளிப்படையாகத் தவறியிருந்தாலொழிய மேல் நீதிமன்றம் கை வைக்காது. எவ்வளவு பின்பற்றினால் போதும் என்ற சட்டக் கேள்வியை மட்டும் புதிதாக ஆராயும்.

அந்தச் சட்டக் கேள்வியில்தான் அவருடைய ஊர் அவருக்கு எதிராக இருக்கிறது. பாஸ்டனில் இருக்கும் முதலாவது வட்டார நீதிமன்றம் 2022இல், மேய்ன் மாநிலத்திலிருந்து வந்த பிலோடோ வழக்கில், ஒன்பதாவது வட்டாரத்தின் அளவுகோலை ஏற்க மறுத்தது. நுணுக்கமான விதிமுறைகள் அடுக்கடுக்காக இருக்கும் துறையில் ஒரு சிறு பிசகுக்கும் கூட்டாட்சிச் சிறை என்றால் மாநிலத் திட்டத்தில் எவரும் துணிந்து பங்கேற்கமாட்டார்கள், அதுவே மாநிலச் சட்டத்தைத் தடுப்பதாகும் என்று காரணம் சொன்னது. அந்த வழக்கில் மேல்முறையீடு செய்தவர்கள் தோற்றார்கள். அவர்களுடைய உரிமம் வெறும் திரை, பின்னால் நடந்தது கள்ளச் சந்தை வியாபாரம். ஆனால் தவறுக்கு இடம் கொடுக்கும் அந்த அளவுகோல் நிற்கிறது. நீங்கள் சொல்லும் மனிதர் மேய்னில் பயிரிட்டிருந்தால், கூடுதல் செடிகள் எத்தனை, எதனால் கூடின என்று நீதிமன்றம் நிதானமாகக் கேட்டிருக்கும். கலிபோர்னியாவில், அனுமதித்த எண்ணிக்கையைத் தாண்டினாரா என்பதோடு கேள்வி நின்றுவிடுகிறது. அவருடைய வழக்கறிஞர் செய்யக்கூடியது, செடி எண்ணிக்கை குறித்த அந்த உள்ளூர் விதி மாநில மருத்துவக் கஞ்சாச் சட்டத்தின் பகுதியே அல்ல என்று வாதிடுவது. அந்த விதி எந்தச் சட்டத்தின்கீழ் பிறந்தது என்று உத்தரவில் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பத்தியை இங்கே தமிழில் எழுதுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்.